ஆறு ஆண்டு வெள்ளம், எட்டு ஆண்டு வழக்கு: ஆர்கன்சா ஓக் காட்டுக்குக் கிடைத்த இழப்பீடு

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தின் வடகிழக்கில், பிளாக் ஆற்றின் இரு கரைகளிலும் சுமார் 23,000 ஏக்கர் பரப்பில் ஒரு தாழ்நிலக் காடு இருக்கிறது. டேவ் டொனால்ட்சன் பிளாக் ரிவர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதி என்பது அதன் முழுப் பெயர். மாநில அரசின் வேட்டை மற்றும் மீன்வள ஆணையம் 1950களிலும் 1960களிலும் இந்த நிலத்தை வாங்கிச் சேர்த்தது. ஓக் வகை மரங்களே இந்தக் காட்டின் உயிர். அவற்றின் கொட்டைகளைத் தின்னக் குளிர்காலத்தில் காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். வாத்துகளைத் தேடி வேட்டைக்காரர்கள் வருவார்கள். மரங்களில் முற்றியவற்றைத் தேர்ந்து வெட்டி விற்பதும் ஆணையத்தின் வழக்கம்.

இந்தக் காடு ஆண்டுதோறும் நீரில் நிற்பது புதிதல்ல. இலையுதிர்காலத்தின் கடைசியிலும் குளிர்காலத்திலும் ஆணையமே வேண்டுமென்று காட்டுக்குள் நீரைத் தேக்கும், வாத்துகள் நீந்தி மேய்வதற்காக. அந்த மாதங்களில் ஓக் மரம் உறக்கத்தில் இருக்கும். இலையில்லை, வளர்ச்சியில்லை, வேருக்கு மூச்சுத் தேவையும் மிகக் குறைவு. முழங்கால் அளவு நீர் நின்றாலும் மரத்துக்குக் கேடில்லை. ஏப்ரலில் துளிர் விட்டு அக்டோபர் வரை நீளும் வளர்ச்சிக்காலத்தில் அதே நீர் நின்றால் கதை வேறு. நீர் தேங்கிய மண்ணில் காற்றுக்கு இடமிருக்காது, வேரைச் சுற்றியுள்ள உயிர்வளி தீர்ந்துபோகும், வேர் ஆழத்துக்குப் போக மறுத்து மேல்மண்ணிலேயே தங்கிவிடும். நீர் எவ்வளவு வந்தது என்பதோடு எந்த மாதத்தில் வந்தது, எத்தனை நாள் நின்றது என்பவையும் சேர்ந்தே இந்தக் காட்டின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. 2012 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்த வழக்கின் முழு உள்ளடக்கமும் ஒருவகையில் இந்த ஒரு தாவரவியல் உண்மையில் அடங்கியிருக்கிறது.

அணையும் அதன் கையேடும்

காட்டிலிருந்து 115 மைல் மேலே, மிசூரி மாநிலத்தில், பிளாக் ஆற்றின் குறுக்கே கிளியர்வாட்டர் அணை நிற்கிறது. 1948இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணை, அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படையின் பொறுப்பில் உள்ளது. வெள்ளத் தடுப்பே அதன் முதல் நோக்கம். எந்தப் பருவத்தில் எவ்வளவு நீர் திறக்க வேண்டும் என்பதை வகுத்து, 1953இல் பொறியாளர் படை ஒரு நீர்க் கட்டுப்பாட்டுக் கையேட்டை ஏற்றுக்கொண்டது. வேளாண்மை, பொழுதுபோக்கு போன்ற காரணங்களுக்காகக் கையேட்டிலிருந்து திட்டமிட்டு விலகிச் செல்லவும் அதில் இடமிருந்தது. இந்த விலகலே வழக்குக்கு வித்து.

1993இல் கீழ்ப்பகுதி உழவர்கள், இலையுதிர்கால அறுவடைக்குக் கூடுதல் நாள் வேண்டும் என்று கேட்டனர். ஆற்றில் வழக்கமான அளவு நீர் வந்தால் தாழ்வான வயல்கள் நனைந்து அறுவடை கெடும். கோரிக்கை நியாயமானதுதான். பொறியாளர் படை அதற்கு இசைந்து, அந்த ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை வழக்கத்தைவிடக் குறைவாகவே நீர் திறந்தது. திறக்காத நீர் எங்கும் போய்விடாது; அணையில் ஏறிக்கொண்டே வந்தது. ஏறிய நீரை இறக்குவதற்காக அடுத்து வந்த மாதங்களில் கூடுதல் அளவில், கூடுதல் காலத்துக்கு நீர் திறக்க வேண்டியதாயிற்று. முன்பெல்லாம் வளர்ச்சிக்காலத்தில் வெள்ளம் அலை அலையாக வந்து, விரைந்து வடிந்துவிடும். இப்போது அது வாரக்கணக்கில் மரத்தடியிலேயே நின்றது. உழவர்களின் வயலுக்கு இலையுதிர்காலத்தில் வராத நீர், ஓக் மரங்களுக்கு இளவேனிலிலும் கோடையிலும் வந்து சேர்ந்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

ஓராண்டு ஏற்பாடாகத் தொடங்கியது, சிறு சிறு மாற்றங்களுடன் 2000 வரை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட்டது. இடையே கையேட்டையே நிரந்தரமாகத் திருத்தும் யோசனையும் எழுந்தது. ஆணையம் திரும்பத் திரும்ப ஆட்சேபம் தெரிவித்தது. வழக்கமான நீர்த்திறப்பிலிருந்து விலகுவது காட்டைக் கெடுக்கிறது என்பது அதன் ஒரே பல்லவி. இந்த ஆட்சேபங்கள் அப்போது எதையும் நிறுத்தவில்லை. ஆனால் பின்னால் நீதிமன்றத்தில் அவை கூடுதல் மதிப்புப் பெற்றன. பொறியாளர் படை காட்டின் மீதான விளைவைச் சோதித்துப் பார்த்த பிறகு, 2001இல் தற்காலிக விலகல்களை நிறுத்தியது. நிரந்தரத் திருத்த யோசனையையும் கைவிட்டது.

அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. ஆண்டுதோறும் வேர் மூச்சு முட்டி மெலிந்திருந்த மரங்கள் மீது 1999இலும் 2000இலும் வறட்சி வந்து இறங்கியது. மிதமான வறட்சிதான், ஆழ வேரோடிய ஓக் அதைத் தாங்கியிருக்கும். மேல்மண்ணிலேயே வேர் படர்ந்திருந்த மரங்களுக்கு அது முடியவில்லை. ஆயிரக்கணக்கில் பட்டுப்போயின. சாய்ந்தும் தரங்கெட்டும் வீணான மரத்தின் அளவு 1.8 கோடி பலகை அடிக்கும் மேல் என்று விசாரணை நீதிமன்றம் கண்டறிந்தது. பலகை அடி என்பது ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம் கொண்ட பலகை. பன்னிரண்டு பலகை அடி ஒரு கன அடி. ஆகவே நம் மரக்கடைக் கணக்கில் சுமார் 15 லட்சம் கன அடி மரம். மரங்கள் போன இடத்தில் வேண்டாத களைச்செடிகள் புகுந்து மண்டின. தரையைத் திருத்திச் சீர்செய்யாமல் ஓக் தானாக முளைத்து வர வாய்ப்பில்லை என்ற நிலை ஏற்பட்டது.

இரண்டு கதவுகளுக்கு நடுவே

ஆணையம் 2005இல் கூட்டரசின் (அமெரிக்க மத்திய அரசின்) மீதான உரிமைக்கோரிக்கைகளை விசாரிக்கும் தனி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அது நாடியது அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தத்தின் கடைசித் தொடரை: நியாயமான இழப்பீடு தராமல் தனியார் சொத்தைப் பொதுப்பயனுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. நெடுஞ்சாலைக்கோ ரயில் பாதைக்கோ அரசு முறைப்படி நில எடுப்பு அறிவிப்புக் கொடுத்து எடுக்கும்போது இந்தத் தொடரில் குழப்பமில்லை. அறிவிப்பு இல்லை, ஆவணம் இல்லை, எடுத்ததாக அரசு ஒப்புக்கொள்ளவும் இல்லை, ஆனால் அரசின் செயலால் நிலம் பாழாகிவிட்டது என்னும்போதுதான் சிக்கல். அப்படிப்பட்ட வழக்கில் உரிமையாளரே முன்வந்து, 'நீங்கள் சொல்லாமலே என் சொத்தை எடுத்துவிட்டீர்கள்' என்று நிரூபிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் அவர் தோளில்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. நில உரிமையாளர்களின் கொடியாக இன்று ஏந்தப்படும் இந்த வழக்கில் வாதியும் ஓர் அரசு அமைப்பு, பிரதிவாதியும் அரசு. மாநிலம் தன் காட்டுக்காகக் கூட்டரசை நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஒரு சாதாரண உழவரிடம் எட்டு ஆண்டு வழக்கு நடத்தவும், மரம் மரமாக எண்ணிக் கணக்குக் காட்டவும், நீரியல் நிபுணர்களைக் கூண்டில் ஏற்றவும் பணமும் பொறுமையும் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. சட்டத்தைச் செதுக்கும் வழக்குகளை வசதியுள்ளவர்களே கடைசி வரை நடத்துகிறார்கள்.

வாதி ஏன் 'எடுத்துக்கொண்டீர்கள்' என்று சொல்ல வேண்டும், 'சேதப்படுத்தினீர்கள், நட்டஈடு கொடுங்கள்' என்று கேட்டால் போதாதா? போதாது. 1928ஆம் ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெள்ளத்தாலோ வெள்ள நீராலோ எந்த இடத்தில் ஏற்படும் சேதத்துக்கும் கூட்டரசு எவ்வகைப் பொறுப்பும் ஏற்காது என்று கூறுகிறது. கவனக்குறைவுக்கான நட்டஈட்டு வழக்கு என்ற கதவு இவ்வாறு அடைபட்டிருக்கிறது. அரசியல் சட்டத்தின் கதவு ஒன்றுதான் மிச்சம். ஏனெனில் சாதாரணச் சட்டத்தால் அரசியல் சட்ட உரிமையைப் பறிக்க முடியாது. அந்தக் கதவும் 'இது எடுப்பு அல்ல, வெறும் சேதம்' என்று மூடப்பட்டால், பாதிக்கப்பட்டவர் இரண்டு கதவுகளுக்கும் நடுவே நிற்பார். அரசுத் தரப்பின் உத்தி சரியாக இதுவே.

விசாரணையை நடத்திய நீதிபதி சார்லஸ் லெட்டோ, 2009இல் ஆணையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். தொடர்ச்சியாக ஆறு ஆண்டுகள் வளர்ச்சிக்கால வெள்ளம் கணிசமாகக் கூடியது. ஓராண்டின் சேதத்தை ஆறால் பெருக்கினால் வரும் சேதத்தைவிட அது மிகப் பெரியது. நிலத்தின் தன்மையே மாறிவிட்டது. ஆகவே அது தற்காலிகமானதாக இருந்தாலும் எடுப்பே என்றார். இழந்த மரத்துக்கு 56,02,329 டாலர், காட்டை மீட்டெடுக்கும் பணிக்கு 1,76,428 டாலர், ஆக மொத்தம் ஏறக்குறைய 57.8 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார். இந்தத் தொகையில் சுமார் 97 விழுக்காடு, விற்றிருக்கக் கூடிய மரத்தின் விலை. காடு என்ற ஒன்றுக்கு எஞ்சியது மூன்று விழுக்காடு. சந்தையில் விலை உள்ளதையே சட்டம் எண்ணத் தெரிந்துவைத்திருக்கிறது.

வறட்சிதான் மரங்களைக் கொன்றது என்று அரசு வாதாடியதை அவர் ஏற்கவில்லை. இந்த வழக்கின் நாடியே இந்த இடம்தான் என்பது என் கருத்து. பொதுவாக இத்தகைய வழக்குகள் சட்டக் கோட்பாட்டில் தோற்பதைவிடக் காரண நிரூபணத்தில்தான் தோற்கின்றன. வெள்ளம் வந்தது, மரம் செத்தது என்ற இரண்டையும் காட்டினால் போதாது. அணையின் மதகை இப்படித் திறந்ததால்தான் இந்த வெள்ளம், கையேட்டின்படி திறந்திருந்தால் இவ்வளவு நாள் நீர் நின்றிருக்காது, அந்தக் கூடுதல் நாள்தான் வேரைக் கெடுத்தது, கெட்ட வேர் இருந்ததால்தான் வறட்சியில் மரம் விழுந்தது என்று கண்ணி கண்ணியாகக் கோக்க வேண்டும். ஆற்றுமட்ட அளவீடுகளின் பழைய பதிவுகளும், கையேட்டின்படி நடந்திருந்தால் மட்டம் எப்படி இருந்திருக்கும் என்ற ஒப்பீடும், மரக் கணக்கெடுப்பும் இருந்ததால் அது முடிந்தது. மழை பெய்தது, அணை திறந்தார்கள், நிலம் போயிற்று என்று மட்டும் சொல்லி வருகிறவர்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

மேல்முறையீட்டில் சரிந்து, உச்ச நீதிமன்றத்தில் நிமிர்ந்து

2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் இந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. வெள்ளம் சம்பந்தப்பட்ட வழக்கில் அது நிரந்தரமானதாகவோ, தவிர்க்க முடியாமல் மீண்டும் மீண்டும் வருவதாகவோ இருந்தால்தான் எடுப்பு. பொறியாளர் படையின் விலகல்கள் இயல்பிலேயே தற்காலிகமானவை, பின்னர் கைவிடப்பட்டவை. ஆகவே இழப்பீடு இல்லை என்பது பெரும்பான்மையின் வாதம். நீதிபதி பாலின் நியூமன் மாறுபட்டார். பெரும்பான்மையின் வாதத்தைப் பாமர மொழியில் சொன்னால், கொஞ்ச நாள் மட்டும் கழுத்தை நெரித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டோம் என்பதாகும். எடுத்த கை எடுத்ததுதான். மூச்சு நின்றதும் நின்றதுதான்.

அந்த வாதத்துக்கு வேர் இல்லாமல் இல்லை. வெள்ளமும் எடுப்பும் பற்றிய அமெரிக்க வழக்குச் சட்டம் 1872இல் தொடங்குகிறது. விஸ்கான்சினில் மாநில அனுமதியுடன் கட்டிய அணை ஒருவரது நிலத்தை நீரில் ஆழ்த்தியது. நிலப் பத்திரம் அவர் பெயரிலேயே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை என்று எதிர்த்தரப்பு சொன்னது. நீரோ மண்ணோ மணலோ செயற்கையாக வந்து புகுந்து நிலத்தின் பயனை அழித்தாலோ குன்றச் செய்தாலோ அது எடுப்பே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1917இல் கென்டக்கி வழக்கொன்றில், வெள்ளம் இடைவிட்டு வந்தாலும் தவறாமல் வந்துகொண்டே இருந்தால் அதுவும் எடுப்பே என்று அடுத்த அடி வைத்தது. 1924இல் கலிபோர்னியாவில் ஒரு கால்வாய் கனமழைக் காலத்தில் பொங்கி வழிந்த வழக்கில் மட்டும், நிலத்தின் மீதான ஆக்கிரமிப்பு நிரந்தரமாக இருக்க வேண்டும் என்ற ஒரு தொடர் தீர்ப்பில் இடம்பெற்றது. எண்பத்தேழு ஆண்டு கழித்து மேல்முறையீட்டு நீதிமன்றம் பிடித்துக்கொண்டது அந்தத் தொடரைத்தான்.

உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபர் 3 அன்று வாதங்களைக் கேட்டது. டிசம்பர் 4 அன்று தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் எலினா கேகன் வழக்கில் பங்கேற்கவில்லை. மற்ற எட்டுப் பேரின் சார்பிலும் ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதினார். தாராளவாதியாகவும் அரசின் ஒழுங்குமுறை அதிகாரத்தை மதிப்பவராகவும் அறியப்பட்ட ஒருவர் சொத்துரிமைத் தீர்ப்பை எழுதியதும், பழமைவாத நீதிபதிகள் அத்தனை பேரும் மாற்றுக் கருத்தின்றி அதில் கையெழுத்திட்டதும் அந்த நீதிமன்றத்தில் அடிக்கடி காணும் காட்சியல்ல.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி குறுகியது: வெள்ளம் தற்காலிகமானது என்ற ஒரே காரணத்தால் இழப்பீட்டு உரிமை தானாகவே இல்லாமல் போகுமா? போகாது என்பதே விடை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசு தற்காலிகமாகக் கிடங்கையும் சுரங்கத்தையும் எடுத்து நடத்தியபோது இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1987இல் ஒழுங்குமுறை விதியால் ஏற்படும் தற்காலிக எடுப்புக்கும் அப்படியே சொன்னது. மற்றெல்லாத் தற்காலிக எடுப்புக்கும் இழப்பீடு உண்டு, வெள்ளத்துக்கு மட்டும் இல்லை என்று விதிவிலக்கு வைக்க எந்த முன்தீர்ப்பும் இல்லை. 1924ஆம் ஆண்டுத் தொடர், போகிற போக்கில் சொன்ன ஒன்று. பின்னால் வந்த தற்காலிக எடுப்புத் தீர்ப்புகளுக்கு முன்னரே எழுதப்பட்டது. அதை இரும்பு விதியாக்கக் கூடாது என்றார்.

அரசுத் தரப்பு அச்சமூட்டியது: இதை ஏற்றால் அணையைத் திறக்கும்போதெல்லாம் வழக்கு வரும், வெள்ளத் தடுப்பே முடங்கும் என்று. கின்ஸ்பர்க் இதற்குப் பதிலாக 1946ஆம் ஆண்டின் கோழிப் பண்ணை வழக்கை நினைவூட்டினார். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ அருகே, போர்க்கால விமானத் தளத்தை ஒட்டி 2.8 ஏக்கரில் ஒரு குடும்பம் கோழி வளர்த்து வந்தது. குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கும் பாதை வீட்டுக்கு மேலே 67 அடியிலும், கோழிக் கொட்டகைக்கு மேலே 63 அடியிலும், மிக உயர்ந்த மரத்துக்கு மேலே வெறும் 18 அடியிலும் சென்றது. மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. ஒரு நாளில் ஆறு முதல் பத்து வரை, மொத்தம் சுமார் 150. தொழிலையே அவர்கள் கைவிட நேர்ந்தது. அந்த ஒலியும் ஒளியும் நிலத்தின் பயனை எடுத்துக்கொண்டதற்குச் சமம் என்று அன்றைய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விமானப் போக்குவரத்தே நின்றுவிடும் என்று அப்போதும் சொன்னார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு வானம் இடிந்து விழுந்துவிடவில்லை, இன்றைய அடக்கமான தீர்ப்பாலும் வழக்குகளின் வெள்ளம் வராது என்ற பொருளில் கின்ஸ்பர்க் எழுதிய வரி, பிறகு பலராலும் எடுத்தாளப்பட்டது. வெள்ள வழக்கில் வெள்ளத்தை வைத்தே சிலேடை.

தீர்ப்பு எந்த அளவுக்கு அடக்கமானது என்பதையும் கவனிக்க வேண்டும். தற்காலிக வெள்ளமெல்லாம் எடுப்பு என்று அது சொல்லவில்லை. நீர் எவ்வளவு காலம் நின்றது, அந்த விளைவு அரசு நினைத்துச் செய்ததா அல்லது முன்கூட்டியே ஊகித்திருக்கக் கூடியதா, நிலம் எத்தகையது, உரிமையாளர் அந்த நிலத்தின் பயன் குறித்து எதை நியாயமாக எதிர்பார்க்கலாம், தலையீடு எவ்வளவு கடுமையானது என்பவற்றையெல்லாம் வழக்குக்கு வழக்கு சேர்த்து எடைபோட வேண்டும் என்றது. வெள்ளச் சமவெளியில் நிலம் வாங்கியவர், வெள்ளமே வராது என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் நாற்பது ஆண்டாக ஒரே கையேட்டின்படி நடந்துவந்த நீர்த்திறப்பு தொடரும் என்று எதிர்பார்த்தது நியாயம். அணைக்குக் கீழே உள்ள நிலத்தின் சேதம் மேலே உள்ள நிலத்தின் சேதத்தைப் போன்றதல்ல, அது வெறும் பக்கவிளைவு என்று அரசு கடைசி நேரத்தில் எழுப்பிய வாதத்தை, முன்பு எழுப்பவில்லை என்பதால் நீதிமன்றம் தொடவில்லை. தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள அந்தப் பழைய தகராறு இன்னொரு நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் திரும்பியது. 2013 டிசம்பரில் அதே நீதிமன்றம், இம்முறை விசாரணை நீதிமன்றத்தின் கண்டுபிடிப்புகளை ஏற்று இழப்பீட்டை உறுதிசெய்தது. இந்த விளைவை முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது என்று அரசு சொல்லிப் பார்த்தது. முயன்றிருந்தால் எளிதில் அறிந்திருக்கலாம் என்று பதில் வந்தது. ஆண்டுதோறும் கோப்பில் ஏறிக்கொண்டே இருந்த ஆட்சேபக் கடிதங்களுக்கு அப்போதுதான் பலன் கிடைத்தது.

தீர்ப்பின் எல்லை

2012க்குப் பிறகு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் வெற்றி கிட்டவில்லை. 2005ஆம் ஆண்டுக் கத்ரீனா சூறாவளியில் நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் மூழ்கிய சொத்துகளின் உரிமையாளர்கள், கடலிலிருந்து நகரை நோக்கி வெட்டப்பட்ட கப்பல் கால்வாயை அரசு பராமரிக்காமல் விட்டதே காரணம் என்று வாதாடினர். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. அரசு ஒன்றைச் செய்யாமல் விட்டது எடுப்பாகாது என்றது; அதோடு கால்வாயால் வந்த கேட்டை மட்டும் பார்க்காமல், அதே அரசு கட்டிய வெள்ளத் தடுப்புக் கரைகளால் வந்த நன்மையையும் சேர்த்துப் பார்த்த பிறகே காரணத்தை நிரூபிக்க முடியும் என்றது. செயலுக்கு இழப்பீடு உண்டு, செயலின்மைக்கு இல்லை என்ற இந்தக் கோடு ஏட்டில் தெளிவாகத் தெரிகிறது. பராமரிக்கத் தவறிய மதகுக்கும் தவறாகத் திறந்த மதகுக்கும் கீழே மூழ்குகிறவர் இந்த வேறுபாட்டை எப்படிப் புரிந்துகொள்வார் என்பது வேறு.

மிசூரி ஆற்றங்கரை உழவர்களுக்குக் காற்று வேறு திசையில் வீசியது. அருகிவரும் மீன், பறவை இனங்களைக் காக்க 2004 முதல் ஆற்றின் நிர்வாகத்தைப் பொறியாளர் படை மாற்றியமைத்ததால் தங்கள் வயல்கள் அடிக்கடி மூழ்குகின்றன என்று 370க்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கில், எடுப்பு நடந்ததென்ற தீர்ப்பை 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆர்கன்சா வழக்கில் உழவருக்காகக் காடு மூழ்கியது. இங்கே இயற்கைக்காக உழவர் மூழ்கினார். இரண்டிலும் ஒரே கொள்கைதான் பேசுகிறது. 1960இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அந்தக் கொள்கையின்படி, பொதுமக்கள் அனைவரும் சேர்ந்து தாங்க வேண்டிய சுமையைச் சிலர் தலையில் மட்டும் ஏற்றுவதைத் தடுப்பதற்கே ஐந்தாம் திருத்தத்தின் அந்தத் தொடர் இருக்கிறது.

கூட்டரசல்லாமல் மாநில அரசு சேதம் செய்தால் எந்த வழியில் போவது என்பது தனிக் கேள்வி. டெக்சாசில் ஒரு நெடுஞ்சாலையின் நடுவே மாநில அரசு கட்டிய தடுப்புச் சுவர், 2017ஆம் ஆண்டு ஹார்வி சூறாவளியிலும் 2019ஆம் ஆண்டு இமெல்டா புயலிலும் வடிந்தோட வேண்டிய மழைநீரை மறித்து, வடபக்க நிலங்களை ஏரியாக்கியது. 2024 ஏப்ரலில் இந்த வழக்கைத் தீர்த்த உச்ச நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் அந்தத் தொடரை மட்டும் பற்றிக்கொண்டு நேரடியாக வழக்குத் தொடுக்கலாமா என்ற பெரிய கேள்விக்கு விடை சொல்லாமல், டெக்சாஸ் சட்டமே அதற்கு வழி வைத்திருப்பதால் அந்த வழியில் தொடரட்டும் என்று ஒருமனதாக அனுப்பிவைத்தது.

அதே ஹார்வி சூறாவளியின்போது ஹூஸ்டனில் ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரு வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கங்களுக்குப் பின்னே வீடு கட்டியிருந்தவர்களின் வழக்கு, ஆர்கன்சா காட்டின் வழக்கை விசாரித்த அதே லெட்டோவிடம் வந்தது. வெள்ளம் சில நாள்தான் நின்றது, ஒரே ஒருமுறைதான் வந்தது, இதுபோன்ற மழை முன்பின் கண்டதில்லை என்று அரசு வாதாடியது. 1940களில் அணைகளைக் கட்டியபோது அரசு எந்த மட்டம் வரை நிலத்தை விலைக்கு வாங்கியது, அணையின் கொள்ளளவு எந்த மட்டம் வரை நீரைத் தேக்க வல்லது என்ற இரண்டு எண்களை அவர் அருகருகே வைத்துப் பார்த்தார். ஆடிக்ஸில் அரசின் நிலம் சுமார் 103 அடி மட்டத்தோடு முடிகிறது; ஹார்வியின்போது தேங்கிய நீர் 109.1 அடியைத் தொட்டது. பார்க்கரில் வாங்கிய நிலம் 95 அடி வரை. நீர் ஏறியது 101.6 அடி. இடைப்பட்ட ஆறடிக்குள் இருந்தவை அடுத்தவர் வீடுகள் என்பது பொறியாளர் படையின் சொந்தக் கோப்புகளிலேயே பல பத்தாண்டுகளாகப் பதிவாகியிருந்தது. 2019 டிசம்பரில் லெட்டோ அதை எடுப்பென்று தீர்ப்பெழுதினார்.